புற்றுநோயும் பொருட்சுமையும்

18 ஆம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரிலே தரும வைத்தியசாலைகளுக்குக் குறைவிருக்கவில்லை. செல்வர் பலர் ஆண்டுதோறும் சந்தா செலுத்தி அவற்றை நடத்தி வந்தனர். ஆயினும், மார்பிலோ நாவிலோ புற்றுக் கண்ட ஓர் ஏழைப் பெண் அவற்றுள் ஒன்றின் வாயிலிற் போய் நின்றால், உள்ளே அனுமதி பெறுதல் அரிதாயிருந்தது. மாறாத நோயினர்க்கு இடமில்லை என்பது பெரும்பாலான வைத்தியசாலைகளின் விதி. இவ்விதிக்குக் காரணம் கொடுமனம் என்று கொள்ளுதல் பொருந்தாது. சந்தா கொடுத்தோர் ஆண்டிறுதியிலே எத்தனை பேர் குணமடைந்து வீடு சென்றனர் என்னும் கணக்கைக் கேட்பர். ஒரு கட்டிலிலே மாதக்கணக்காய்க் கிடந்து ஈற்றில் இறந்துபோகும் நோயாளி அக்கணக்கிற்கு உதவாதவர்.

எனவே அப்பெண் வீட்டிற்கே திரும்பினாள். அவளைப் பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போக முடியாது. கூலி நின்றது, வாடகை நிலுவையாயிற்று, வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாய் அடைவுகடைக்குச் சென்றன. மருந்தென்று சொல்லத்தக்க மருந்து ஒன்றுமே இல்லாத காலம் அது. வைத்தியச் செலவு இல்லாதபோதும் புற்றுநோய் ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்க வல்லதாயிருந்தது. இந்நோயின் பொருட்சுமை மருந்தின் விலையாற் பிறந்ததென்று இக்காலத்திலே பலரும் எண்ணுவர். அஃது அதனினும் மூத்தது. மருந்தின் விலை பின்னர் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது.

இச்சுமையைக் குடும்பத்தின் தோளிலிருந்து இறக்க முயன்றோரின் வரலாறு பிரான்சு தேசத்திலே றீம்ஸ் நகரில் தொடங்குகிறது. அந்நகரத்துத் தேவாலயத்தைச் சேர்ந்த குருவாகிய ஜோன் கொடினோ என்பவர், 1740 ஆம் ஆண்டிலே, புற்றுநோயாளருக்கெனவே ஒரு வைத்தியசாலை அமைக்கப் பொருள் வழங்கினார். அயலிலிருந்தோர் அதனை விரும்பவில்லை. புற்று ஒட்டுநோய் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தினால் 1779 ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலை நகருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. தருமத்துக்குப் பணம் கிடைத்தாலும் அதற்கு இடம் கிடைப்பது அத்துணை எளிதன்று.

இலண்டனிலே 1792 ஆம் ஆண்டில் மிடில்செக்ஸ் வைத்தியசாலை தன் விதியைத் தளர்த்தியது. ஜோன் ஹவாட் என்னும் சத்திர வைத்தியர், புற்றுநோயாளருக்குத் தனி விடுதி ஒன்று வேண்டுமென்று நிருவாகிகளிடம் எடுத்துரைத்தார். பியர் வடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய சாமுவேல் விற்பிரெட் என்பவர் அதற்கு மூலதனம் கொடுத்தார். அவ்விடுதியின் விதி கவனிக்கத்தக்கது. அங்கே சேர்க்கப்பட்டவர் காலவரையறையின்றி இருக்கலாம்; வைத்தியத்தால் சுகம் வரும்வரை, அல்லது மரணம் வந்து விடுவிக்கும்வரை இருக்கலாம். நோயைத் தீர்ப்போம் என்று எவரும் அங்கே வாக்களிக்கவில்லை. வாக்களிக்கக்கூடிய நிலையிலும் எவருமில்லை. அவர்கள் கொடுத்தது காலவரையறையற்ற ஒரு கட்டில். அக்கட்டிலால் வீட்டிலிருந்த கணவனோ மகளோ மறுபடியும் கூலிக்குப் போக முடிந்தது. குடும்பப் பொருளாதாரத்தின் கண்கொண்டு பார்த்தால், அக்காலத்து எந்த மருந்தினும் அக்கட்டிலே பெரிய உதவியாகும்.

இதனையடுத்து வில்லியம் மார்ஸ்டன் என்னும் வைத்தியரின் கதை வருகிறது. இவர் 1796 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் பிறந்து, இலண்டனிற் கல்வி கற்றுச் சத்திர வைத்தியரானவர். 1827 ஆம் ஆண்டின் குளிர்காலத்து இரவொன்றிலே, ஹோபன் பகுதியிலுள்ள புனித அந்திரேயர் ஆலயத்தின் படியிலே, சாகுந்தறுவாயில் ஓர் இளம்பெண் கிடக்கக் கண்டார் என்பர். அவளைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் வைத்தியசாலைகளை நாடினார். சந்தாதாரர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் எங்கே என்று கேட்டனர். அப்பெண்ணிடம் பசியும் நோயும் இருந்தன, கடிதம் இருக்கவில்லை. அவள் இறந்தாள். அடுத்த ஆண்டாகிய 1828 இலே, கடிதமும் கட்டணமும் கேளாத வைத்தியசாலை ஒன்றை மார்ஸ்டன் திறந்தார். அதுவே பின்னர் றோயல் பிறீ வைத்தியசாலை என வழங்கலாயிற்று. வறுமையும் நோயுமே போதிய சிபாரிசு என்பது அதன் கொள்கை.

1846 ஆம் ஆண்டிலே அவருடைய மனைவி எலிசபெத் ஆன் புற்றுநோயால் இறந்தார். மார்ஸ்டன் வைத்தியர்; வசதியுள்ளவர்; நகரத்தின் பெயர்பெற்ற வைத்தியர்கள் அவருக்கு நண்பர்கள். இத்தனையும் இருந்தும் அவரால் மனைவிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றுமில்லாதவர் நிலை எவ்வாறிருக்கும் என்பதை எண்ணுதற்கு அவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1851 ஆம் ஆண்டில் வெஸ்ற்மின்ஸ்ரர்ப் பகுதியிலே கனன் றோ என்னும் தெருவில் ஒரு சிறு வீட்டிலே இலவசப் புற்றுநோய் வைத்தியசாலை தொடங்கிற்று. தொடக்கத்தில் அது வந்துபோவோருக்கு மருந்து கொடுக்கும் இடமாகவே இருந்தது. அஞ்செலா பேடற் கூற்ஸ் அம்மையார் போன்ற செல்வர் பொருளுதவினர். 1862 ஆம் ஆண்டளவிலே புல்ஹம் வீதியில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. ஒரே நோய்க்கென ஒரு வைத்தியசாலையா என்று தொழிலோர் சிலர் முகஞ்சுளித்தனர். மார்ஸ்டனோ, நோயாளரை ஓரிடத்தே திரட்டிப் பார்த்தாலன்றி இந்நோயின் இயல்பு விளங்காது என்று கருதினார். இன்று உலகெங்கும் அறியப்பட்ட றோயல் மார்ஸ்டன் வைத்தியசாலை அதுவே. நிறுவியவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது 1954 ஆம் ஆண்டிலேயாகும்.

இதுவரை சொல்லப்பட்டவை கட்டிலின் கதை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நிலை மாறத் தொடங்கிற்று. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்தபின் சத்திரசிகிச்சை துணிவு பெற்றது. 1895 ஆம் ஆண்டிலே எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. 1898 ஆம் ஆண்டின் இறுதியிலே பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியரும் இரேடியம் என்னும் மூலகத்தை அறிவித்தனர். இதன் கதிர் புற்றுத் திசுவைச் சிதைக்க வல்லது என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. அன்றுமுதல் இந்நோய்க்குச் சிகிச்சை என்று ஒன்று உண்டாயிற்று. அதற்கு ஒரு விலையும் உண்டாயிற்று.

இரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் கியூரி தம்பதியர் காப்புரிமை பெறவில்லை. முறையை எழுதிக் கேட்டோர்க்கெல்லாம் ஒளிவின்றி விளக்கம் அனுப்பினர். அவர்களே 1902 ஆம் ஆண்டிலே தொன்கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சி வடித்து, ஈற்றிற் பெற்றது ஒரு கிராமின் பத்திலொரு பங்கு இரேடியம் குளோரைட்டு. பொருளின் அருமை இதனால் விளங்கும். முறை இலவசமாயிருந்தும் பொருள் இலவசமாகவில்லை. 1920 ஆம் ஆண்டளவிலே ஒரு கிராம் இரேடியத்தின் விலை 1,00,000 அமெரிக்க டொலராய் இருந்தது. அதனைக் கண்டுபிடித்த அம்மையாரின் ஆய்வுகூடத்திலேயே சுமார் ஒரு கிராம்தான் இருந்தது. அதுவும் வைத்தியத் தேவைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சிக்கு மேலும் ஒரு கிராம் வேண்டும். அதை வாங்கப் பொருளில்லை என்று, தம்மைக் காண வந்த மேரி மெலனி என்னும் அமெரிக்கப் பத்திரிகையாசிரியரிடம் அவர் கூறினார்.

மெலனி அம்மையார் நாடு திரும்பி, அமெரிக்கப் பெண்களிடம் சிறுகச்சிறுக நிதி திரட்டினார். 1921 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் தேதி, வாஷிங்ரனில் வெள்ளை மாளிகையிலே, சனாதிபதி ஹார்டிங் அந்த ஒரு கிராமைக் கியூரி அம்மையாருக்கு வழங்கினார். அதற்கு முந்திய மாலையிலே ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. நன்கொடைப் பத்திரத்தை வாசித்த அம்மையார், இது தம் சொந்தச் சொத்தாகிவிடக்கூடாது, தமக்குப் பின் பிள்ளைகளைச் சேரக்கூடாது, ஆய்வுக்கே என்றும் உரியதாதல் வேண்டும் என்று கூறி, அன்றிரவே சட்டத்தரணியை அழைப்பித்துப் பத்திரத்தைத் திருத்தச் செய்தார். மறுநாள்வரை பொறுத்திருக்கவும் அவர் உடன்படவில்லை.

பின்னர் விலைக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. பெல்ஜியருக்குட்பட்டிருந்த கொங்கோ நாட்டிலே செறிவு மிக்க தாதுப்பொருள் அகப்பட்டது. 1922 ஆம் ஆண்டுமுதல் பெல்ஜியத்திலே இரேடியம் பெருமளவிற் பிரிக்கப்பட்டது. விலை சரிந்தது. 1929 ஆம் ஆண்டிலே, கியூரி அம்மையாரின் தாய்நாடாகிய போலந்தின் தலைநகர் வார்சோவில் அமையவிருந்த நிலையத்துக்கென அமெரிக்க மக்கள் இரண்டாவது கிராமை வழங்கியபோது, அதற்குச் செலவானது 50,000 டொலர். 8 ஆண்டுகளிற் பாதி விலை. 1930 ஆம் ஆண்டிலே கனடாவின் வட பகுதியிலும் தாது கண்டுபிடிக்கப்பட்ட பின் அது மேலும் வீழ்ந்தது. இரேடியத்தின் குணத்தில் இதற்கிடையே யாதொரு மாற்றமும் ஏற்படவில்லை. யாரிடம் தாது இருந்தது, எத்தனை பேர் விற்றனர் என்பவையே மாறின.

இரேடியத்துக்கு இன்னொரு தன்மையுண்டு. அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். எனவே ஒரு நகரம் எப்படியாவது ஒருமுறை பணந்திரட்டி ஒரு கிராமை வாங்கிவிட்டால், தலைமுறை தலைமுறையாக நோயாளருக்கு அதைப் பயன்படுத்தலாம். கிணறு வெட்டுவது போன்ற செலவு அது. பிற்காலத்து மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவையல்ல என்பதை இங்கே நினைவில் வைத்தல் வேண்டும்.

கிணறு வெட்டும் இப்பணியை இந்தியாவின் தென்பகுதியிற் செய்தவர் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886 ஆம் ஆண்டிலே புதுக்கோட்டையிற் பிறந்து, பெண்கள் வைத்தியக் கல்வியை நினைத்தும் பாராத காலத்திலே வைத்தியப் பட்டம் பெற்றவர். தம் தங்கை புற்றுநோயால் நலிந்து மாண்டதை அவர் கண்டார், அதை மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி அவருடைய முயற்சியால் வளர்ந்தது. 1952 ஆம் ஆண்டிலே பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னை அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அங்கே இருந்தவை 12 கட்டில்களே. அவருடைய மைந்தர் டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் வந்து சேர்ந்த டொக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். இரேடியத்தினும் மலிந்த கோபாற்று 60 என்னும் கதிர்ப்பொருள் கொண்ட பொறி, கனடாவிலிருந்து 1957 ஆம் ஆண்டிலே அங்கு நிறுவப்பட்டது. கொடுக்க இயன்றவர் கொடுக்க, இயலாதவர் இலவசமாய்ச் சிகிச்சை பெறும் முறை அங்கே நிலைத்தது. டொக்டர் சாந்தா அம்மையார் 2021 ஆம் ஆண்டு ஜனவரியிற் காலமாகும்வரை அந்நிலைய வளாகத்திலேயே வாழ்ந்தவர்.

இலங்கையிலே கதை வேறுவிதமாய்ச் சென்றது. இங்கே தருமவான்களை எதிர்பாராது அரசாங்கமே சுமையை ஏற்றது. 1951 ஆம் ஆண்டிலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலே மகரகமையிற் புற்றுநோய்க்கென வைத்தியசாலை இயங்கத் தொடங்கிற்று. இன்று அது அபேக்ஷா வைத்தியசாலை எனப் பெயர் பெற்றுள்ளது. கமக்காரனும் கடற்றொழிலாளியும் தோட்டத்துக் கொழுந்துக்காரியும் ஒரு சதமும் கொடாது சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் பெறுதல் அங்கே இயல்பாயிற்று. செல்வ நாடுகள் பலவற்றிலேயே காண்டற்கரிய ஏற்பாடு இது.

மருந்தின் விலையையும் இலங்கை அக்காலத்திலே நேர்நின்று எதிர்த்தது. பேராசிரியர் சேனக பிபிலே என்னும் மருந்தியல் அறிஞர், ஒரே மருந்து பற்பல வணிகப் பெயர்களில் பற்பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்டார். மருந்துகளை அவற்றின் இயற்பெயரால் அறிந்து, உலகெங்கும் கேள்வி கோரி, மொத்தமாய் வாங்கினால் விலை குறையும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைப்படி 1971 ஆம் ஆண்டிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பிபிலே அதன் முதல் தலைவரானார். இன்று நகரந்தோறும் காணப்படும் ஒசுசல மருந்துச்சாலைகள் அதைச் சேர்ந்தவையே. வேறு நாடுகளுக்கும் இதனை எடுத்துச் சொல்லச் சென்றவர், 1977 ஆம் ஆண்டிலே தென் அமெரிக்காவின் கயானா நாட்டிற் காலமானார்.

ஒரே மருந்து, வேறுவேறு பெயர், வேறுவேறு விலை என்று பிபிலே காட்டிய முடிச்சு, கால் நூற்றாண்டுக்குப் பின் புற்றுநோயின் வரலாற்றிலே மிகப்பெரிய வழக்காக வெடித்தது. அதன் களம் சென்னை.

நாட்பட்ட மைலொயிட் இரத்தப் புற்று என்றொரு நோய் உண்டு. அந்நோயாளரின் இரத்த அணுக்களிலே ஒரு நிறமூர்த்தம் குறுகியிருப்பதை 1960 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகர ஆராய்ச்சியாளர் கண்டனர். நிறமூர்த்தங்கள் இரண்டு தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதே அதன் காரணம் என்று 1973 இலே ஜனற் றௌலி அம்மையார் காட்டினார். அம்மாற்றத்தாற் பிறக்கும் ஒரு நொதியமே இரத்த அணுக்களைக் கட்டின்றிப் பெருகச் செய்கிறது. அந்நொதியத்தை மட்டும் அடக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து, சுவிற்சர்லாந்து நாட்டு நிறுவனத்தின் இரசாயன வல்லுநராலும் அமெரிக்க வைத்தியர் பிறையன் டிறுக்கராலும் உருப்பெற்று, 2001 ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. முன்னர்ச் சில ஆண்டுகளில் உயிரை மாய்த்த நோய், நாளுக்கொரு மாத்திரையால் அடங்கி நின்றது. மருந்தை முதலிற் பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றிலே, 5 ஆண்டுகளின் பின் 100 பேரில் 89 பேர் உயிருடன் இருந்தனர்.

மாத்திரையை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பும். ஆதலின் அதை ஆயுள்முழுதும் உட்கொள்ள வேண்டியதாயிற்று. இரேடியம் வெட்டிய கிணறு என்றால், இது மாதந்தோறும் விலைக்கு வாங்கும் நீர். நோயாளி பிழைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு சீட்டு வந்து நிற்கும். இவ்வளவு நன்மை தரும் மருந்து இவ்வளவு பெரிய கடனையும் தருதல் மருத்துவ வரலாற்றிற் புதுமையானதொரு நிலை. 2001 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் இம்மருந்து ஓராண்டுக்கு ஏறத்தாழ 30,000 டொலருக்கு விற்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டிலே அதே மருந்து 92,000 டொலராயிற்று. ஆண்டுகள் செல்லச்செல்லப் பழைய பொருள் மலிவது உலக வழக்கம். இங்கே அது தலைகீழாயிற்று. 2013 ஆம் ஆண்டிலே இந்நோயில் வல்ல வைத்தியர் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, இவ்விலைகள் நோயாளராற் தாங்கவொண்ணாதவை என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். மருந்தைப் பரீட்சித்து உலகுக்களித்த டிறுக்கரும் அவர்களுள் ஒருவர்.

இந்தியாவிலே 1970 ஆம் ஆண்டின் சட்டப்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. அதனால் உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைத் தாமும் செய்தன. நோவாற்றிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரை மாதமொன்றுக்குச் சுமார் 1,20,000 இந்திய ரூபா. உள்நாட்டு மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபா வரை. உலக வர்த்தக உடன்படிக்கைக்கிணங்க 2005 ஆம் ஆண்டிலே இந்தியா தன் சட்டத்தை மாற்றிப் பொருட்காப்புரிமையை ஏற்றது. ஆயினும் 3 (ஈ) எனப்படும் பிரிவொன்றை அச்சட்டத்திற் சேர்த்தது. அறிந்த பொருளொன்றின் புதிய வடிவம், பலனில் மேம்பட்டதென்று காட்டப்பட்டாலன்றிப் புத்தாக்கம் ஆகாது என்பது அதன் சாரம்.

நோவாற்றிஸ் காப்புரிமை கேட்டது இமாற்றினிப்பின் ஒருவகைப் பளிங்கு வடிவத்துக்கு. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் உள்நாட்டு நிறுவனங்களும் ஆட்சேபித்தன. 2006 ஆம் ஆண்டு ஜனவரியிலே சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2007 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே அதுவும் தள்ளுபடியாயிற்று. வழக்கு டில்லிக்கு ஏறிற்று. 2013 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 1 ஆந் தேதி, இந்திய உச்ச நீதிமன்றம் காப்புரிமை இல்லையென்று தீர்த்தது. நிறுவனத்தின் பக்கத்தையும் கூறுதல் முறை. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பொருள் திரும்பாவிடின் நாளைய மருந்துகள் பிறவா என்று அது வாதித்தது. இந்தியாவிலே தன் மருந்தைப் பெற்றவர்களுட் பெரும்பாலானோர்க்குத் தான் இலவசமாகவே வழங்கியதாகவும் காட்டியது. அவ்விலவசம் உண்மையே. ஆனால், மார்ஸ்டன் காலத்துச் சிபாரிசுக் கடிதத்தைப் போல, கொடுப்பவர் மனம் மாறும் நாளிலே அது நின்றுவிடக்கூடியது. கடையிலே மலிந்து கிடக்கும் மாத்திரைக்கு எவருடைய மனமும் வேண்டியதில்லை.

மருந்தின் விலை எவ்வளவு குறைந்தாலும் குடும்பம் தப்பிவிடும் என்பதற்கில்லை. 2012 ஆம் ஆண்டிலிருந்து தென்கிழக்காசியாவின் 8 நாடுகளிலே ஏறக்குறைய 9,500 புற்றுநோயாளரை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். அவ்வாண்டு முடிவிலே 100 பேரில் 29 பேர் இறந்திருந்தனர். வேறு 48 பேர் உயிருடன் இருந்தும், ஆண்டு வருமானத்தில் 30 வீதத்துக்கு மேற்பட்டதைச் சிகிச்சைக்கு இழந்திருந்தனர். உயிரும் பொருளும் இரண்டும் தப்பியோர் 23 பேர் மட்டுமே. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் நிலை வேறன்று. வாஷிங்ரன் மாநிலத்திலே செய்த ஆய்வொன்று, புற்றுநோயாளர் ஏனையோரைப் பார்க்கிலும் 2.65 மடங்கு அதிகமாய் வங்குரோத்து அடைகின்றனர் என்று 2013 இலே காட்டிற்று. வங்குரோத்தடைந்தோர் மற்றைய நோயாளரினும் விரைவில் இறக்கின்றனர் என்று 2016 இலே அதன் தொடர் ஆய்வு கண்டது. கடன்பட்டவர் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்வர்; வைத்தியர் குறித்த நாளிற் போகாது விடுவர். இலவச வைத்தியம் நடக்கும் இங்கிலாந்திலே கூட, புற்றுநோயாளர் மருந்துச் சீட்டுக்குக் கொடுத்துவந்த சிறு கட்டணம் 2009 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

இலங்கையின் வடபகுதியிலே இச்சுமை பெரிதும் வழிப்பயணத்தின் வடிவிலே வந்தது. மகரகமையிலே சிகிச்சை இலவசம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போவதற்கு 400 கிலோமீற்றர். கதிர்ச்சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் சிறிது சிறிதாய்க் கொடுக்கப்படுவது. நோயாளியுடன் ஒருவர் துணை போகவேண்டும். அவருக்குத் தங்குமிடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், மொழி அறியாவிடின் மொழிக்கும் ஒருவர் வேண்டும். யுத்த காலத்திலோ 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. கண்டி வீதி மூடியும் திறந்தும் மூடியும் கிடந்தது. தாயின் தாலிக்கொடி அடைவுக்குப் போவதும் காணி உறுதி கைமாறுவதும், வைத்தியருக்கு ஒரு சதமும் கொடாமலே நடக்கக்கூடியவையாயின. 18 ஆம் நூற்றாண்டு இலண்டனிலே மருந்தில்லாமலே குடும்பம் கடன்பட்டது. இங்கே மருந்து இலவசமாயிருந்தும் கடன்பட்டது.

யுத்தம் ஓய்ந்தபின், 2011 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, ஒரு கூட்டத்தார் நாட்டின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் தூரம் நடந்தனர். தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டுதல் அந்நடையின் நோக்கம். வழியிலே சிங்கள ஊர்களும் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் வந்தன. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறை கொண்டுவந்து கொடுத்தனர். அவ்வைத்தியசாலை பின்னர்த் தெல்லிப்பழையில் எழுந்தது. 2016 ஆம் ஆண்டிலே அதே கூட்டத்தார் வடக்கிலிருந்து தெற்கே நடந்தனர். இம்முறை காலியில் உள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. அதே ஆண்டிலே மகரகமைக்கு உடலின் உட்பகுதியைப் படம்பிடிக்கும் விலையுயர்ந்த பெற் ஸ்கான் பொறி ஒன்றை வாங்குதற்கும் பொதுமக்களே நிதி கொடுத்தனர்.

2022 ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி அற்றுப்போன வேளையில், புற்றுநோய் மருந்துகள் பலவும் வைத்தியசாலைகளிற் தட்டுப்பட்டன. வைத்தியர் துண்டு எழுதிக் கொடுக்க, அதைக் கையிற் பிடித்துக்கொண்டு நோயாளரின் உறவினர் கொழும்பின் மருந்துச்சாலைகளிலே கடைகடையாய் விலை விசாரித்து நடந்தனர்.